விரலைப் பார்த்து முடிவு செய்யலாமா?



தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் 1948-ல் தொடங்கினார். கை சரியானது, வேலை கிடைக்கவில்லை. ஆகவே புதுவாழ்வு நிலையம் ஒன்றை அமைத்து, மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்று கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம் உட்கொண்டால் நோய் குணமாகிறது. குணமானவரிடமிருந்து யாருக்கும் பரவாது. இதை நன்றாய் அறிந்தவர்களும் ஆள் எடுக்கும்போது தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு வெறுப்பு இல்லை என்றே நம்புகிறோம். ஆனால் கண் முதலில் விரலுக்குப் போகிறது, மனம் அங்கேயே தீர்மானித்துவிடுகிறது. "வேகம் போதாது", "மற்றவர்கள் சங்கடப்படுவார்கள்" என்ற காரணங்களெல்லாம் பிறகுதான் வந்து சேருகின்றன.

டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. சக்கர நாற்காலியை மட்டும் பார்த்திருந்தால் அவருடைய மருத்துவப் பணி அதோடு முடிந்திருக்கும். டாக்டர் பிராண்ட் வேலையைப் பார்த்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே! அப்படியே அந்த அம்மையார் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் முதல் தலைவருமானார்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். தோல் வெட்டுவது, ஓரம் சீவுவது, தைப்பது, பசை தடவுவது, குறை பார்ப்பது, பெட்டியில் அடுக்குவது என்று அங்கே வேலை பலவிதம். உணர்ச்சியற்ற கைக்குச் சூடான இயந்திரம் ஆபத்துதான், அதை மறைக்கக்கூடாது. குறை பார்க்கும் மேஜைக்கு அந்தத் தடை இல்லை.

எனவே, அந்த வேலைக்கு என்ன தேவை என்பதை ஆட்களைப் பார்க்குமுன் எழுதிவைக்கலாம். வந்த எல்லோருக்கும் ஒரே அளவு வேலை கொடுத்து, முடித்த உருப்படிகளை எண்ணலாம். இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் மதிப்பெண் போடட்டும். ஒருவரை வேண்டாம் என்றால் காரணத்தை அன்றைக்கே எழுதவேண்டும். இதுதான் கடினம் என்று நினைக்கிறோம். "ஏதோ சரியில்லை" என்பதை எழுதப்போனால் பேனா நின்றுவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் (2016) தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அடங்குவர். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடவேண்டும் என்கிறது அச்சட்டம். உங்களில் மேற்பார்வையாளராகவோ முதலாளியாகவோ இருப்பவர்கள், அடுத்த முறை ஆள் எடுக்குமுன் உங்கள் கம்பெனியில் அந்தக் கொள்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.