ஒரே கேசட்டுக்குள் 30 விளையாட்டு! கோர்ட்டுப் படி ஏறிய 'ஆர்-4'

டோக்கியோ நகரில் அகிஹபாரா என்று ஒரு பேட்டை. ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் சாமான் எது வேண்டுமானாலும் அங்கே கிடைக்கும். நம்ம ஊர் ரிச்சி தெருவைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2007, 2008-ம் ஆண்டுகளில் அந்தப் பேட்டைக் கடைகளில் ஒரு சின்ன அட்டை சுடச்சுட விற்றது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. பெயர் 'ஆர்-4'.

பார்த்தால் சாதாரண விளையாட்டு கேசட். ஆனால் அதன் தலையில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் விரல் நகம் அளவு மெமரி கார்டைச் செருகினால் போதும். முப்பது விளையாட்டு உள்ளே!

இந்தச் சந்துதான் ஜப்பானில் தொடங்கி லண்டன், பாரிஸ் வரைக்கும் கோர்ட்டுகளை ஆட்டி வைத்தது.

கையடக்கப் பெட்டி

நின்டெண்டோ கம்பெனி 2004-ம் ஆண்டு 'டி.எஸ்.' என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. புத்தகம் மாதிரி மடக்கலாம். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த் திரையில் குச்சியால் தொட்டு ஆட வேண்டும். உலகம் பூராவும் 15 கோடியே 40 லட்சம் பெட்டிகள் விற்றன.

பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி கேசட் வாங்க வேண்டும். பிள்ளை பத்து விளையாட்டு கேட்டால் பத்து கேசட். அப்பன்காரன் பாக்கெட் என்னத்துக்கு ஆகும்?

ஆர்-4 அட்டையோ ஏறக்குறைய ஒரே ஒரு கேசட்டின் விலைதான்.

நம் ஊரிலும் 90-களில் டி.வி.யில் மாட்டி ஆடும் பெட்டிகளுக்கு '9999 விளையாட்டு' என்று லேபிள் ஒட்டிய கேசட் வந்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தால் அதே பத்து இருபது விளையாட்டுதான் பெயர் மாறி மாறித் திரும்ப வரும். ஆர்-4 அந்த ரகம் அல்ல. கம்ப்யூட்டரிலிருந்து எந்த விளையாட்டை மெமரி கார்டில் இழுத்துப் போடுகிறோமோ அது ஓடும். அழித்துவிட்டு வேறு போடலாம். அதுதான் வித்தியாசம்.

ஏமாற்றுவது எப்படி?

டி.எஸ். பெட்டி ஒன்றும் ஏமாளி அல்ல. கேசட்டைச் செருகியதும் அதனிடம் ரகசிய பாஷையில் சில கேள்விகள் கேட்கும். சரியான பதில் வந்தால்தான் விளையாட்டைத் திறக்கும். அதோடு, 'நின்டெண்டோ' என்ற பெயர்ச் சித்திரம் கேசட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கும்.

ஆரம்பத்தில் கில்லாடிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். அசல் கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 'பாஸ்-மீ' என்ற ஒரு இடைத்தரகனைச் செருகினார்கள். கேள்வி-பதில் எல்லாம் அசல் கேசட்டோடு நடக்கும். அது முடிந்ததும் இடைத்தரகன் பாதையை மாற்றி, பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்த இன்னொரு துளைக்குத் திருப்பிவிடுவான். பழைய 'கேம்பாய் அட்வான்ஸ்' கேசட் போடுகிற துளை அது. அங்கே காத்திருக்கும் வேறு கேசட்டிலிருந்து சரக்கு ஓடத் தொடங்கும்.

வாசலில் மாப்பிள்ளையைக் காட்டிவிட்டு, பின்வாசல் வழியாக வேறு ஆளை மணவறையில் உட்கார வைத்த கதை!

ஆர்-4 வந்த பிறகு இந்தத் தொல்லையே இல்லை. பெட்டி கேட்ட கேள்விக்கெல்லாம் அசல் கேசட் சொல்லும் பதிலை அதுவே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது. அசல் கேசட் போகும் துளையிலேயே அதையும் செருகலாம்.

ஒரே ஒரு குறை. முதலில் வந்த ஆர்-4, 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது. ஆனால் அந்தக் காலத்து டி.எஸ். விளையாட்டுகளில் பெரும்பாலானவை 128 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பல விளையாட்டுகள் அதிலும் பாதிதான். ஆகவே யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கரை சேராத கப்பல்

விளையாட்டு எழுதுகிற கம்பெனிகள் சும்மா விடுமா? விளையாட்டுக்குள்ளேயே பொறி வைத்தார்கள்.

2008-ம் ஆண்டு ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்-5' டி.எஸ்.சுக்கு வந்தது. கதை ஒரு கப்பலில் தொடங்கும். கப்பல் துறைமுகம் சேர்ந்ததும் கதாநாயகச் சிறுவன் இறங்கி நடக்க வேண்டும். திருட்டுப் பிரதியில் கப்பல் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். கரையே வராது! என்ன கோளாறு என்று தெரியாமல் மணிக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

2010-ல் வந்த 'போக்கிமான்' விளையாட்டில் பிராணிகள் எத்தனை சண்டை ஜெயித்தாலும் பலம் ஏறாது. 'செல்டா' விளையாட்டு ஒன்றில் ரெயில் ஓட்ட வேண்டும். திருட்டுப் பிரதியில் ரெயிலை ஓட்டும் பிடியே திரையில் வராது.

எல்லாவற்றுக்கும் மேலே மைக்கேல் ஜாக்சன் ஆட்டம்! அதுவும் 2010-ல் வந்ததுதான். அதே ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது மைதானமே அதிர 'வுவுசேலா' என்ற ஊதலை ஊதினார்களே, நினைவிருக்கிறதா? திருட்டு கேசட்டில் போட்டால் ஜாக்சன் பாட்டுக்கு மேலே அந்த ஊதல்தான் காதைப் பிளக்கும். பாட்டும் கேட்காது, ஆடவும் முடியாது.

ஆனால் பூட்டு போட்ட சில நாளிலேயே திறப்பும் வந்துவிடும். ஆர்-4 ஆசாமிகள் புதுச் சாவி தயாரித்து இலவசமாகவே கொடுத்தார்கள்.

கோர்ட்டு உத்தரவு

2008 ஜூலையில் நின்டெண்டோவும் விளையாட்டு தயாரிக்கும் 50-க்கு மேற்பட்ட கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்து டோக்கியோ மாவட்டக் கோர்ட்டுக்குப் போயின. அட்டையை இறக்குமதி செய்து விற்றவர்கள் மீது வழக்கு.

இந்த வழக்கு திருட்டு நகல் பற்றியது அல்ல. நியாயமற்ற வியாபாரப் போட்டியைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் தொடரப்பட்டது. பூட்டை உடைக்கும் சாமானை விற்பதே தப்பு என்பதுதான் வாதம்.

2009 பிப்ரவரி 27-ந்தேதி தீர்ப்பு. இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, இருக்கிற சரக்கை அழிக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது.

அப்போது கிரிமினல் தண்டனை கிடையாது. ஆகவே வியாபாரம் இலைமறை காயாக நடந்தது. 2011-ல் சட்டத்தைத் திருத்தி ஜெயில் தண்டனையும் சேர்த்தார்கள். 2013-ல் இன்னொரு வழக்கில் சுமார் 9 கோடியே 56 லட்சம் யென் நஷ்ட ஈடு கொடுக்கும்படி டோக்கியோ கோர்ட்டு தீர்ப்பளித்தது.

லண்டனில் 2010 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 'இந்த அட்டையில் சொந்தமாக எழுதிய புரோகிராமும் ஓட்டலாமே' என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஐகோர்ட்டு ஏற்கவில்லை. நல்லதுக்கும் பயன்படும் என்பதால் பூட்டு உடைக்கும் சாமான் விற்பது சரியாகிவிடாது என்று சொல்லிவிட்டது.

பாரிசில்தான் விஷயம் தலைகீழ். 2009-ல் கீழ்க் கோர்ட்டு நின்டெண்டோவின் வழக்கைத் தள்ளியது. விற்றவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் இரண்டு வருஷம்தான். 2011-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 48 லட்சம் யூரோ நஷ்ட ஈடு!

படம் வரைந்தவர்கள்

எதிர்த்தரப்பு சொன்ன 'சொந்தப் புரோகிராம்' வெறும் சாக்கு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டி.எஸ். பெட்டியில் குச்சி இருக்கிறது, தொடு திரை இருக்கிறது. இதில் ஓவியம் வரைந்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. 'கலர்ஸ்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். நின்டெண்டோவின் அனுமதி இல்லாத சரக்கு ஆகையால் ஆர்-4 மாதிரி அட்டை இருந்தால்தான் ஓடும். ஆயிரக்கணக்கானோர் அதில் படம் வரைந்தார்கள். அசல் ஓவியர்களே வியந்து போகும் படங்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2012-ல் அதே 'கலர்ஸ்' அடுத்த தலைமுறைப் பெட்டியான '3டி.எஸ்.'சுக்கு நின்டெண்டோவின் சொந்தக் கடையிலேயே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது! அந்தக் கடையும் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. அங்கே மட்டும் கிடைத்த விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் இனி வாங்க முடியாது.

பழைய கேம்பாய் கேசட்டுகளின் பாடு இன்னொரு தினுசு. பல கேசட்டுகளுக்குள் பொத்தான் அளவு பேட்டரி உண்டு. ஆடிய கணக்கைக் காப்பாற்றுவது அதுதான். பதினைந்து, இருபது வருஷத்தில் பேட்டரி தீர்ந்தால் சின்ன வயசில் ஜெயித்ததெல்லாம் போச்சு. அதற்குப் பயந்தே மெமரி கார்டு கேசட்டுக்கு மாறிய பெரியவர்கள் ஏராளம்.

திருடனுக்குத் திருடன்

ஆர்-4 நன்றாக விற்றதும் அதற்கே போலி வந்தது. அப்புறம் போலிக்குப் போலி. பெட்டியின் மேலே ஆர்-4 என்று இருக்கும். உள்ளே யார் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியாது.

சில போலிகளில் 'காலக்கெடு' வைத்தார்கள். குறிப்பிட்ட தேதி வரை ஓடும். அப்புறம் திடீரென்று படுத்துக்கொள்ளும். புதுசு வாங்க வேண்டும் என்பது கணக்கு. விவரம் தெரிந்தவர்கள் பெட்டியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்துச் சமாளித்தார்கள்.

3டி.எஸ்.சுக்கு 'கேட்வே' என்ற அட்டை வந்தது. அதற்கும் போலி முளைத்தது. கேட்வே ஆசாமிகளுக்கு ஆத்திரம். 2014 ஜனவரியில் வெளியிட்ட புதுப் புரோகிராமில் ஒரு கண்ணி வைத்தார்கள். போலி அட்டையில் ஓட்டினால் விளையாட்டுப் பெட்டியே செங்கல் மாதிரி செத்துப்போகும்! நின்டெண்டோவின் பூட்டை உடைத்தவர்களுக்குத் தங்கள் பூட்டை உடைத்தால் மட்டும் பொறுக்கவில்லை.

48 ஆயிரம் வருஷக் கடன்

இந்தக் கேட்வே அட்டையை விற்றதாகவும் சேர்த்து 'டீம் எக்செகியூட்டர்' என்ற கூட்டத்தின் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. மூன்று பேர் மீது குற்றச்சாட்டு. அமெரிக்க ஜெயிலுக்குப் போனது ஒருவர்தான்.

அவர் பெயர் கேரி பௌசர். கனடாக்காரர். 'மாரியோ' விளையாட்டில் வரும் வில்லன் பெயரும் பௌசர். அப்போது நின்டெண்டோவின் அமெரிக்கக் கம்பெனித் தலைவராக இருந்தவர் பெயரும் பௌசர்! எழுதி வைத்தாலும் இப்படிப் பொருந்தாது.

2020 செப்டம்பரில் டொமினிக்கன் குடியரசில் அவரைப் பிடித்தார்கள். மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022 பிப்ரவரியில் சியாட்டில் கோர்ட்டில் 40 மாத ஜெயில் தண்டனை. கிரிமினல் வழக்கில் 45 லட்சம் டாலரும், சிவில் வழக்கில் ஒரு கோடி டாலரும் நின்டெண்டோவுக்குக் கட்ட வேண்டும்.

அவர் ஏழு வருஷத்தில் சம்பாதித்தது சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டாலர். பெரிய லாபம் மற்றவர்களுக்குப் போனது. ஜெயிலில் வேலை பார்த்து மாதம் 25 டாலர் வீதம் கட்டினார். அந்தக் கணக்கில் போனால் மொத்தக் கடனும் அடைய 48 ஆயிரம் வருஷம் ஆகும்!

2023-ல் விடுதலையாகி, கால் நோயோடு கனடா திரும்பினார். இனி எந்த வருமானம் வந்தாலும் அதில் ஒரு பங்கு நின்டெண்டோவுக்கு.

பழைய கேசட் வாங்கியவர்

2025 ஜூன் 5-ந்தேதி 'ஸ்விட்ச்-2' பெட்டி விற்பனைக்கு வந்தது. பழைய ஸ்விட்சுக்காக வந்த 'மிக்' என்ற மெமரி கார்டு கேசட்டைச் சிலர் புதுப் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். சில நாளில் திரையில் ஒரு பிழை எண் வந்தது. பெட்டியின் இன்டர்நெட் தொடர்பு வெட்டப்பட்டுவிட்டது!

நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் நகலைத்தானே போட்டேன் என்று சிலர் புலம்பினார்கள். பலன் இல்லை. ஸ்விட்ச்-2 கேசட்டுகள் சிலவற்றில் விளையாட்டே இருக்காது, சாவி மட்டும்தான். சரக்கு இன்டர்நெட்டில் இருந்து இறங்க வேண்டும். தொடர்பு போனால் அந்தக் கேசட் வாங்கியும் வீண்.

இதில் ஒன்றும் அறியாத ஒருவரும் மாட்டிக்கொண்டார். அவர் மிக் கேசட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பழைய ஸ்விட்ச் கேசட்டுகள் சிலவற்றை வேறொருவரிடம் மலிவாக வாங்கிப் போட்டார். அவ்வளவுதான். பெட்டிக்குத் தடை.

ஒவ்வொரு அசல் கேசட்டுக்குள்ளும் தனி அடையாள எண் உண்டு. விற்றவர் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டு விற்றிருந்தால், ஒரே எண் இரண்டு வீட்டில் ஓடும். நின்டெண்டோவின் கம்ப்யூட்டருக்கு இருவரில் யார் அசல், யார் நகல் என்று தெரியாது.

அவர் நின்டெண்டோவின் வாடிக்கையாளர் பிரிவைத் தொடர்புகொண்டார். கேசட்டுகளை விற்க வந்த விளம்பரத்தையும் கேசட்டுகளையும் படம் எடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் தடையை நீக்கினார்கள்.