அசலுக்கு ஒரு விலை, பிரதிக்கு ஒரு விலை: கொப்ரா கார் வியாபாரம்

அமெரிக்காவின் பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரே தோற்றமுள்ள இரண்டு கார்கள் கண்ணில் படும். இரண்டும் கூரையற்ற, இருவர் மாத்திரம் அமரக்கூடிய ரோட்ஸ்டர் வகை. வாயகன்ற முன்பக்கம், புடைத்த சக்கர வளைவுகள், பக்கவாட்டில் வெளியே தெரியும் புகைக்குழாய்கள், நீல நிறத்தின் மேல் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்றின் விலை 50,000 டொலர் அளவில் இருக்கும். மற்றையது பத்து இலட்சம் டொலரைத் தொட்டு நிற்கும். முதலாவது பிரதி. இரண்டாவது 1960களில் தயாரான அசல் ஷெல்பி கொப்ரா. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு எது எதுவென்று சொல்வது கடினம்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கிப் பழகிய எமக்கு "ஒரிஜினலா, கொப்பியா" என்ற கேள்வி புதிதல்ல. ஆனால் அங்கு விலை வித்தியாசம் இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு. இங்கு இருபது மடங்கு. அந்த மேலதிகப் பணம் செசியில் அடிக்கப்பட்ட ஓர் இலக்கத்துக்கும், அந்த இலக்கத்தோடு சேர்ந்து வரும் கடதாசிகளுக்கும்தான் கொடுக்கப்படுகிறது. இதை விளங்கிக்கொள்ள இந்தக் காரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் சரே பகுதியிலுள்ள தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் ஏ.சி. கார்ஸ் என்றொரு சிறிய கம்பனி இருந்தது. 1953இல் அது 'ஏஸ்' என்ற பெயரில் ஓர் இலகுவான ரோட்ஸ்டரை அறிமுகப்படுத்தியது. பின்னர் அதற்குப் பிரிஸ்டல் கம்பனியின் இயந்திரம் கிடைத்தது. 1961இல் அந்த இயந்திரத்தின் உற்பத்தி நின்றுபோக, நல்ல உடம்பு இருந்தும் இதயமில்லாத நிலைக்கு ஏ.சி. வந்தது.

அந்த நேரத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டெக்சாஸைச் சேர்ந்த கரோல் ஷெல்பி. ஒரு காலத்தில் கோழிப் பண்ணை நடத்தியவர். 1959இல் லெ மான்ஸ் 24 மணி நேர ஓட்டப் போட்டியில் எஸ்டன் மார்டின் காரில் ரோய் சல்வடோரியுடன் சேர்ந்து வென்றவர். இதய நோயால் ஓட்டப் போட்டியை விட்டு விலகியிருந்தார். உங்கள் காரில் அமெரிக்க வீ-8 இயந்திரத்தைப் பொருத்தித் தருவீர்களா என்பதே அவரது கேள்வி. செவர்லே கம்பனி இயந்திரம் தர மறுத்தது. தனது கோர்வெட் காருக்குத் தானே போட்டி உண்டாக்க அதற்கு விருப்பமில்லை. போர்ட் சம்மதித்தது.

1962 பெப்ரவரியில் இயந்திரமில்லாத முதல் கார் விமானத்தில் கலிபோர்னியா வந்து சேர்ந்தது. அதன் இலக்கம் சீ.எஸ்.எக்ஸ். 2000. ஷெல்பியின் வியாபாரத் தந்திரம் இங்குதான் தொடங்குகிறது. கையில் இருந்ததோ ஒரேயொரு கார். அதைப் பரீட்சித்து எழுத வந்த சஞ்சிகைகளுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிறம் பூசிக் கொடுத்தார். வாசித்தவர்கள் தொழிற்சாலையில் கார்கள் வரிசையாக வெளிவருகின்றன என்று நினைத்தார்கள்! அன்றைய விலை 5,995 டொலர். அதே சீ.எஸ்.எக்ஸ். 2000, 2016 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் மொன்டரேயில் நடந்த ஏலத்தில் 137 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது.

1967இல் உற்பத்தி நிற்கும்போது எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் கார்களே உருவாகியிருந்தன. இவற்றுள் 1965இல் வந்த '427' என்ற ஏழு லீட்டர் இயந்திரக் காருக்கே பின்னாளில் மவுசு அதிகம். பிரதி செய்பவர்களும் பெரும்பாலும் அதன் உருவத்தையே எடுத்தார்கள். ஒரு வேடிக்கை: '427' என்று விற்கப்பட்ட அசல் கார்கள் பலவற்றில், செலவைக் குறைப்பதற்காக விலை குறைந்த 428 இயந்திரமே பொருத்தப்பட்டிருந்தது. அசல் கூட முழு அசல் அல்ல என்று சொல்ல இடமுண்டு. ஆனால் சந்தை அதை மன்னித்துவிட்டது.

கார்கள் ஆயிரம், ஆசைப்படுவோர் பல்லாயிரம். ஆகவே பிரதிகள் பிறந்தன. அசலுக்கு அலுமினிய உடம்பு. பிரதிகளுக்குப் பெரும்பாலும் பைபர் கிளாஸ். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995இல் தொடங்கிய பெக்டரி பைவ் நிறுவனம் செசியையும் உடம்பையும் பெட்டிகளில் அனுப்பிவைக்கும். வாங்கியவர் பழைய போர்ட் மஸ்டாங் ஒன்றைக் கழற்றி இயந்திரம், கியர்பெட்டி முதலியவற்றை எடுத்துத் தன் வீட்டுக் கராஜிலேயே பொருத்திக்கொள்வார். தென்னாபிரிக்காவில் தயாராகும் சுப்பர்போர்மன்ஸ் கார்கள் வேறு தரம். இயந்திரம் மட்டும் இல்லாமல் முழுக் காராகக் கப்பலேறும். இயந்திரம் அமெரிக்காவில் பொருத்தப்படும். 2019இல் வந்த 'போர்ட் வெர்சஸ் பெராரி' திரைப்படத்துக்கும் இந்நிறுவனத்தின் கார்களே பயன்பட்டன. கோடிக்கணக்கில் பெறுமதியான அசலைப் படப்பிடிப்பில் விரட்டி ஓட்ட யார்தான் கொடுப்பார்?

பிரதி விற்பது மோசடி என்று சிலர் நினைக்கிறார்கள். எனது கருத்து அதுவல்ல. பிரதி என்று சொல்லி விற்பவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. இந்த வியாபாரத்தின் பெரிய சர்ச்சை பிரதிக்காரர்களிடமிருந்து வரவுமில்லை. அது அசலைப் படைத்த ஷெல்பியிடமிருந்தே வந்தது.

427 கார்களுக்கென ஒதுக்கப்பட்ட இலக்கங்களில் பல 1960களில் பயன்படாமலே கிடந்தன. பிற்காலத்தில் விலை ஏறியதும், அக்காலத்து மிச்சச் செசிகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஷெல்பி அந்த இலக்கங்களில் கார்களை வெளியிட முனைந்தார். 43 கார்களுக்கு, தொலைந்த உரிமைப் பத்திரத்துக்குப் பதில் பத்திரம் கேட்பது போல, கையெழுத்திட்ட சத்தியப் பிரகடனம் ஒன்றைக் கொண்டே கலிபோர்னியா வாகனத் திணைக்களத்திடம் பத்திரம் பெற்றார். காரைக் கொண்டுவந்து காட்டு என்று எவரும் கேட்கவில்லை. 1993இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. அந்த இலக்கங்களில் தாம் செசி எதுவும் செய்யவில்லை என்று ஏ.சி. கம்பனியும் உறுதிப்படுத்தியது. அவை 1991, 92இல் கலிபோர்னியாவின் டொரன்ஸ் நகரப் பட்டறையொன்றில் புதிதாகச் செய்யப்பட்டவை என்பதைப் பின்னர் ஷெல்பியே ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு அவர் நேர்வழிக்கு வந்தார் என்றே சொல்ல வேண்டும். சீ.எஸ்.எக்ஸ். 4000 என்று தொடங்கும் புதிய இலக்க வரிசையில், இவை புதியவை என்று வெளிப்படையாகச் சொல்லியே கார்களை விற்றார். இவற்றுக்குத் 'தொடர்ச்சிக் கார்கள்' என்று பெயர். விலையிலும் மதிப்பிலும் இவை அசலுக்கும் பிரதிக்கும் நடுவில் நிற்கின்றன. மறுபுறம் பெக்டரி பைவ் மீது 2000இல் வழக்குத் தொடர்ந்தார். அது சமரசத்தில் முடிந்தது. இன்று அந்நிறுவனம் தனது காரைக் கொப்ரா என்று அழைப்பதில்லை, வெறுமனே 'ரோட்ஸ்டர்' என்கிறது. சுப்பர்போர்மன்ஸ் ஷெல்பி நிறுவனத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்டது. ஷெல்பி 2012இல் காலமானார்.

இனி விளம்பரத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். "1965 கொப்ரா" என்று பெரிய எழுத்தில் இருந்தால் உடனே மயங்கிவிடக்கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பிரதியின் பதிவில், அது எந்த ஆண்டுக் காரைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டையே எழுத முடியும். 2005இல் கட்டிய காருக்கும் பத்திரத்தில் 1965 என்றே இருக்கலாம். சட்டப்படி அது பிழையல்ல. ஆனால் விளம்பரத்தின் ஒரு மூலையில்கூடப் 'பிரதி' என்ற சொல் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். பிரித்தானியாவில் பாகங்களின் வயதை நிரூபிக்க முடியாத காருக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கத்தகடு கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவருக்கு அது வசதி, விற்பவருக்குக் கசப்பு. அசல் என்று சொல்லப்படும் காரென்றால், 1975இல் தொடங்கிய ஷெல்பி அமெரிக்கக் கார்க் கழகம் வெளியிடும் பதிவேட்டில் அந்த இலக்கத்தைத் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு இலக்கத்தின் சரித்திரமும் அதில் திரட்டப்பட்டிருக்கிறது.

பிரதியை வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு: யார் பொருத்தினார் என்பது. ஒரே நிறுவனத்தின் பெட்டியிலிருந்து வந்த இரண்டு கார்களில் ஒன்று தேர்ந்த மெக்கானிக் கையில் உருவாகியிருக்கும். மற்றது ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் ஸ்பானர் பிடித்தவர் கையில். பளபளக்கும் நிறத்துக்கு அடியில் வயரிங்கும் பிரேக் குழாய்களும் எப்படி ஓடுகின்றன என்பதை காரை உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். பாரம் குறைந்த உடம்பில் பெரிய இயந்திரம் வைத்த கார் இது. பிரேக் பிடிக்காவிட்டால் மன்னிக்காது.

இதில் இலாபம் தேடுபவருக்கும் ஒரு செய்தி. பெட்டி, இயந்திரம், நிறப்பூச்சு, டயர் என்று செலவைக் கூட்டினால், கட்டியவர் போட்ட பணம் விற்கும்போது முழுமையாகத் திரும்புவது அரிது. அவர் செலவிட்ட மணித்தியாலங்களுக்கு எவரும் காசு தருவதில்லை. ஆகவே இந்தச் சந்தையில் புத்தியுள்ளவர் கட்டி முடித்த காரையே வாங்குகிறார். விற்பவரிடம் எல்லாப் பற்றுச்சீட்டுகளும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் ஒரு கோவையில் இருக்குமானால், அந்தக் காருக்கு இன்னும் சில ஆயிரம் டொலர் கூட்டிக் கொடுக்கவும் தயங்குவதில்லை.