சிங்கப்பூர்க் கோட்டைக்கு வேலியான ஜொகூர்

வல்லரசுகளின் எல்லை, எல்லைக் காவல் என்பதே இன்றைய கருத்தரங்கின் பொருள். எல்லை என்றதும் முள்வேலியும், துப்பாக்கி ஏந்திய வீரர்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால், நம் ஜொகூர் மாநிலமே ஒரு காலத்தில் ஒரு வல்லரசின் எல்லைப்புறமாக இருந்தது என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆம், அந்த வல்லரசு பிரிட்டன். 1824 ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரும் அதைச் சுற்றி 10 மைலுக்குள் உள்ள தீவுகளும் அதன் கைக்குச் சென்றன. 1927இல் மற்றோர் உடன்படிக்கை தெப்ராவ் நீரிணையின் ஆழமான நீர்ப்பாதையின் நடுவே எல்லைக் கோட்டை வகுத்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் செய்துகொண்ட உடன்பாடும் அதையே அடிப்படையாகக் கொண்டது.

காகிதத்தில் எல்லை நீரிணைதான். ஆனால், போர்க்கணக்கில் எல்லை வேறு. ஜொகூருக்கு 1886 முதல் சொந்தப் படை உண்டு. அது இன்றும் இருக்கிறது. எனினும், வெளிப்பகையிலிருந்து காக்கும் பொறுப்பு பிரிட்டனுடையது. அந்த நம்பிக்கையில்தான் சுல்தான் இப்ராஹிம் 1935இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்கு 5 லட்சம் பவுண்டு அன்பளிப்பாகத் தந்தார். சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நிறுத்தப்பட்ட அரணுக்கு ஜொகூரின் பெயரே சூட்டப்பட்டது.

அந்தப் பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்பவே முடியாது என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. திருப்ப முடிந்தது. ஆனால், அவற்றுக்கென இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை. ரப்பர் தோட்டத்தின் வழியே நடந்துவரும் படையின்மீது அவற்றால் பெரும்பயன் இல்லை.

பகைவன் வடக்கிலிருந்து தரைவழியே வரக்கூடும் என்று மலாயாவின் தளபதி டாபி 1930களிலேயே எச்சரித்தார். கோத்தா திங்கி அருகே காங்கிரீட் காவல் அரண்கள் எழும்பத் தொடங்கின. செம்பவாங் கடற்படைத் தளத்துக்குச் செலவானது ஏறக்குறைய 6 கோடி பவுண்டு. டாபியின் தரைக்காவலுக்கு ஒதுக்கியதோ 60,000 பவுண்டு! ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அரண்வரிசை முற்றுப்பெறவே இல்லை.

சுவர் எழுப்பாத இடத்தில் பேரரசு எதை வைத்தது? மனிதர்களை வைத்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 45ஆவது இந்தியப் படைப்பிரிவு 1942 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ராஜபுதனம், ஜாட், கார்வால் பட்டாளங்களைக் கொண்ட படை அது. பலர் பயிற்சிகூட முடியாத இளைஞர்கள். காட்டுப்போர் அறியாத அவர்களை மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். இரண்டு நாளில் அந்தக் காவல் உடைந்தது. பக்ரியிலிருந்து பின்வாங்கும் வழியில் தளபதி டங்கனும் கொல்லப்பட்டார். பாரிட் சூலோங் பாலத்தைத் தாண்ட முடியாமல் விட்டுச் செல்லப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் சுமார் 150 பேரை ஜப்பானியர் ஜனவரி 22ஆம் தேதி கொன்று குவித்தனர்.

ஜனவரி 31ஆம் தேதி எஞ்சிய படைகள் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்தன. பின்னர் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. லாயாங் லாயாங் அருகே வழி துண்டிக்கப்பட்ட 22ஆவது இந்தியப் படைப்பிரிவு அப்போது இக்கரைக் காட்டில்தான் இருந்தது. சிலர் படகேறி அக்கரை சேர்ந்தார்கள். பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள்.

அக்கரையிலாவது அரண் இருந்ததா? சிங்கப்பூரின் வடகரையில் அரண் கட்டலாம் என்று பொறியியல் படைத் தலைவர் சிம்சன் கேட்டபோது, அது படையின் மனத்தையும் மக்களின் மனத்தையும் தளரச் செய்யும் என்று தளபதி பெர்சிவல் மறுத்திருந்தார். ஜப்பானியத் தளபதி யாமாஷிதா புக்கிட் செரேனே அரண்மனைக் கோபுரத்திலிருந்து சிங்கப்பூரைப் பார்த்தபடியே போரை நடத்தினார். பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் நீரிணையைக் கடந்தனர். 15ஆம் தேதி பிரிட்டன் சரணடைந்தது.

அன்பர்களே, இதில் நாம் அறிய வேண்டியது என்ன? வல்லரசு தன் எல்லையைத் தன் வீட்டு வாசலில் வைப்பதில்லை; பிறர் வீட்டு வாசலில் வைக்கிறது. அங்கே காவல் நிற்கவும் பிறர் பிள்ளைகளையே அழைத்து வருகிறது. நம் முன்னோரைக் கங்காணி தோட்டத்துக்கு அழைத்து வந்தான். இமயமலை அடிவாரத்துக் கார்வால் இளைஞனைப் பட்டாளத்துக்காரன் மூவாருக்கு அழைத்து வந்தான். இருவருக்குமே யாருடைய செல்வத்துக்காக வந்தோம் என்று எடுத்துச் சொன்னவர் இல்லை. காவல் என்று நம்பிப் பணம் தந்த ஜொகூரோ மூன்றரை ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியில் தவித்தது. தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர்.

நீரிணைக்கு அப்பால் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெயர்களும் அவற்றில் ஏராளம். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், ஒரு விடுமுறை நாளில் அங்கேயும் சென்று அந்தப் பெயர்களைப் படித்துவர வேண்டும். மூவார்ப் பக்கம் போகிறவர்கள் பாரிட் சூலோங்கில் சற்று நின்று செல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிட்டால், இந்த வரலாற்றை வேறு யார் சொல்லப் போகிறார்கள்?