காமிராவிற்கு லென்ஸே பிரதானம்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பார்கள். காமிராவிற்கோ லென்ஸே பிரதானம். இதனை நான் அனுபவத்தில் கண்டேன்.

மிரர்லெஸ் காமிராக்கள் பெருகிவிட்டதால், பிறர் பயன்படுத்திய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அப்பா அப்படி ஒன்றை 18-55 மி.மீ. லென்ஸுடன் வாங்கித் தந்தார். மாலையில் விளக்கடியில் பூத்தொடுக்கும் பாட்டியைப் படமெடுத்தேன். விரல்கள் கலங்கலாகவே விழுந்தன.

குறை காமிராவில் இல்லை. அந்த லென்ஸ் 55 மி.மீ. நிலையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸோ அதைவிட ஒன்பது மடங்கிற்கும் மேலாக ஒளியை உள்ளே விடும். ஒளி மிகுந்தால் ஷட்டர் விரைவாக மூடும், அசைவு பதியாது.

வாங்குமுன் பொருத்தம் பார்ப்பது அவசியம். நிக்கான் டி3500 போன்ற சிறு காமிராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏ.எஃப்-எஸ் போன்ற, மோட்டார் உள்ள லென்ஸே அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும்; பழைய ஏ.எஃப்-டி வகையைக் கையால் திருப்ப வேண்டும். பழைய லென்ஸானால் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, உள்ளே பூஞ்சை உண்டா எனவும் பாருங்கள்.

கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து அந்த 50 மி.மீ. லென்ஸை வாங்கினேன். இப்போது விரல் மட்டுமா, நாரும் தெளிவாகத் தெரிகிறது! “என் கையா இது?” என்று பாட்டி வியந்தார்.

ஆகவே தோழியரே, காமிராவில் சிக்கனம் பிடித்து, லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள்!