நல்ல எஜமானர்களின் அடிமை
உர்சுலா லெ குவினின் 'பவர்ஸ்' நாவலில் ஓர் இளைஞன் விடுதலையைத் தேடி ஓடவில்லை. ஆற்றங்கரை வழியே நடந்து போகிறான்.

எட்ரா நகரத்தின் அர்க்காமந்த் மாளிகையில் ஒரு பாட அறை. எஜமானர் வீட்டுப் பிள்ளைகளும் அடிமைச் சிறுவர் சிறுமியரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து பழைய காவியங்களைப் படிக்கிறார்கள். பாடம் நடத்தும் எவெராவும் அடிமைதான். வகுப்பிலேயே கெட்டிக்காரன் கவிர். எதையும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே மனப்பாடமாகிவிடும். அவனையும் அக்கா சல்லோவையும் விவரம் தெரியாத வயதிலேயே சதுப்பு நிலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தூக்கி வந்துவிட்டார்கள். இது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வருத்தமில்லை. வயிறாரச் சாப்பாடு, படிக்கப் புத்தகம், வளர்ந்ததும் எவெராவின் இடத்தில் ஆசிரியர் பதவி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் 'பவர்ஸ்' 2007-ல் வெளிவந்தது. 'கிஃப்ட்ஸ்' (2004), 'வாய்சஸ்' (2006) ஆகியவற்றுக்குப் பின் வந்த மூன்றாவது நாவல். மூன்றும் மேற்குக் கரை என்ற கற்பனை நிலப்பரப்பில் நடக்கின்றன. இளைய வாசகர்களுக்கென்று எழுதப்பட்ட வரிசைதான். ஆனால் அறிவியல் புனைகதை, மாயப் புனைகதை எழுத்தாளர்கள் தமக்குள் வாக்களித்து வழங்கும் நெபுலா விருதின் 2008-ம் ஆண்டுக்கான சிறந்த நாவல் பரிசு இதற்கே கிடைத்தது.

அடிமைகளின் கதை என்றால் சாட்டையும் விலங்கும் முதல் பக்கத்திலேயே வந்துவிடும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். லெ குவின் அவருக்குக் கண்ணியமான எஜமானர்களைக் காட்டுகிறார். வீட்டுத் தலைவரும் தலைவியும் அடிமைகளுக்கும் 'தந்தை', 'தாய்'. வேலைக்கு வைத்த சிறுமியை 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று சொல்லும் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய இந்திய வாசகருக்கு அர்க்காமந்த் ஒன்றும் அந்நியமான இடமல்ல. எஜமானரின் இளைய மகன் டோர்ம் ஆத்திரத்தில் ஓங்கி அடித்ததில் மிவ் என்ற சின்னஞ்சிறு அடிமைப் பையன் இறந்துபோகிறான். வீடு வருந்துகிறது. பிறகு பாடங்கள் தொடர்கின்றன. கவிரும் படிப்பைத் தொடர்கிறான். கதையை அவனே சொல்வதால் அந்த விசுவாசத்தை உள்ளிருந்து பார்க்க நேர்கிறது. மிவ்வின் சாவை விட அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

அடிமைக்கு எழுத்தறிவு தருவது லெ குவினின் இட்டுக்கட்டல் அல்ல. பண்டைய ரோமில் கிரேக்க அடிமைகள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். 1838-ல் தப்பித்துச் சென்ற ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட சுயசரிதையில், எஜமானி தனக்கு எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கியதையும் அவளுடைய கணவன் அதைத் தடுத்ததையும் சொல்கிறார். எதைத் தடுக்கிறார்களோ அதுதான் விடுதலைக்கு வழி என்று அன்றே அவருக்குப் புரிந்துவிட்டது. கவிருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவனுக்குப் புத்தகங்களை எஜமானரே தருகிறார். எல்லாம் முன்னோர் பெருமை பேசும் பழைய நூல்கள். புதிய கவிஞர்கள் என்றாலே எவெராவுக்கு ஆகாது. நகரம் முற்றுகைக்கு உள்ளாகி, வேறு வீட்டு அடிமைகளோடு வேலை செய்ய நேரும்போதுதான் விடுதலையைப் பாடும் ஒரெக் காஸ்ப்ரோவின் கவிதை அவன் காதில் விழுகிறது. அப்போதும் அது அவனுக்கு அழகான கவிதை மட்டுமே.

பிறகு சல்லோ. வீட்டின் மூத்த மகன் யாவெனுக்கு அவள் 'கொடுக்கப்பட்டவள்'. இருவருக்கும் உண்மையான பிரியம் இருக்கிறது என்பதையும் நாவல் மறைக்கவில்லை. யாவென் ஊரில் இல்லாத சமயத்தில் டோர்ம் அவளை ஆண்களின் கேளிக்கை ஒன்றுக்கு இட்டுச் செல்கிறான். தண்ணீரில் மூழ்கிய பிணமாகத்தான் அவள் திரும்புகிறாள். தாய் வருந்துகிறாள், கவிரின் கையில் ஒரு பணமுடிப்பைத் தருகிறாள். அவள் வஞ்சகி அல்ல. மனதார ஆறுதல் சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அக்காவைப் புதைத்துவிட்டு ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கும் கவிர் திரும்பவில்லை. விடுதலை வேண்டும் என்ற எண்ணம்கூட அப்போது அவன் மனதில் இல்லை.

காட்டுக்குள் ஓர் ஊர். ஓடிவந்த அடிமைகள் சேர்ந்து கட்டியது. தலைவன் பார்னா பேச்சில் மன்னன். எல்லாம் எல்லோருக்கும் பொது, ஒருநாள் நகரத்து அடிமைகள் அனைவரும் எழுவார்கள் என்கிறான். சபை நடுவே கவிர் கவிதை சொல்கிறான், ஊரே கேட்கிறது. பெண்கள் மட்டும் கொள்ளையடித்துக் கொண்டுவரப்படுகிறார்கள். ஈராத், மெல்லே என்ற அக்கா தங்கை அப்படி வந்து சேர, அக்காவைப் பார்னா எடுத்துக்கொள்கிறான். சல்லோவின் கதையை இன்னொரு முறை, இந்த முறை விடுதலையின் பெயரால், கவிர் பார்க்க வேண்டியிருக்கிறது. நாவலின் மிக வலுவான பகுதி இதுதான்.

அடுத்து வரும் சதுப்பு நிலப் பகுதியில் வேகம் குறைந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி ஊர்களில் வாழும் தன் சொந்த இனத்தாரிடம் கவிர் வந்து சேர்கிறான். நடக்கப்போவதை முன்கூட்டியே 'நினைவுகூரும்' அவனது விசித்திர ஆற்றல் அந்த இனத்தின் சொத்து என்று தெரிகிறது. ஆனாலும் அது அவனுக்கு வீடாகவில்லை. மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் குரோபரின் மகள் லெ குவின்; தாய் தியோடோரா, கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷியைப் பற்றி 1961-ல் வெளியான நூலை எழுதியவர். இந்தப் பகுதியில் சடங்குகளை வர்ணிப்பதில் காட்டும் அக்கறையைக் கதையிலும் சற்றுக் காட்டியிருக்கலாம்.

தலைப்பைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஆற்றல், அதிகாரம் இரண்டும் 'பவர்'தான். கவிரிடம் இருப்பது முதலாவது. அவனைச் சுற்றியிருப்பவர்களிடம் இரண்டாவது. தன் ஆற்றலை வைத்து அவன் யாரையும் வெல்வதில்லை. மாயக் கதைகளில் இது அபூர்வம். 2018 ஜனவரியில் 88 வயதில் மறைந்த லெ குவினுக்குக் கத்திச் சண்டைகளில் நாட்டமில்லை.

காட்டு ஊர் எரிந்துபோன பிறகு, சிறுமி மெல்லேயை அழைத்துக்கொண்டு அடிமை முறை இல்லாத உர்டிலை நோக்கி, காஸ்ப்ரோ வாழும் மெசுன் நகரத்துக்குக் கவிர் புறப்படுகிறான். பின்னாலேயே துரத்தி வருகிறவன் ஹோபி. அதே பாட அறையில் கூடப் படித்தவன், அவனும் அடிமைதான். குறுக்கே ஓர் ஆறு. கவிர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறான்.