ஒரு மாநிலம், ஐந்து மொழிக்குடும்பங்கள்

ஒரு மொழியில் எந்தெந்த ஒலிகள் பொருளை மாற்றுகின்றன என்று ஆராய்வது ஒலியனியல். சிறு சிறு உறுப்புகள் சேர்ந்து சொல் எப்படி உருவாகிறது என்று ஆராய்வது உருபனியல். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றை இந்த இரு வழிகளிலும் ஒப்பிட்டு, எல்லா மொழிக்கும் பொதுவானது எது, சிலவற்றுக்கே உரியது எது என்று தேடுவது மொழி வகைப்பாட்டியல்.

இந்தத் தேடலுக்கு மலேசியாவின் பேராக் மாநிலம் வளமான களம். பால்மரத் தோட்டங்களிலும், அவை மறைந்தபின் எழுந்த குடியிருப்புகளிலும் தமிழ் ஒலிக்கிறது. பாகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. ஈப்போ கடைவீதிகளில் காண்டனீஸ், கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களிலும் அலுவலகங்களிலும் மலாய், சீக்கியர் வீடுகளில் பஞ்சாபி. மலைப்பகுதிகளில் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள் செமாய், தெமியார் மொழிகளைப் பேசுகிறார்கள். திராவிடம், சீன-திபெத்தியம், ஆஸ்திரோனேசியம், இந்தோ-ஐரோப்பியம், ஆஸ்திரோ-ஆசியம் ஆகிய ஐந்து குடும்பங்கள் இங்கே அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

ஒரே உதடு, வேறு வேறு கணக்கு

இரண்டு உதடுகளும் சேர்ந்து பிரியும்போது பிறக்கும் ஒலியை எடுத்துக்கொள்வோம். தமிழின் சொந்தச் சொற்களில் அது ஒரே ஒலியன். ‘பல்’ என்னும்போது அதிர்வின்றியும் ‘கம்பு’ என்னும்போது தொண்டை அதிர்வோடும் வருகிறது. ஆனால் எங்கே எப்படி ஒலிப்பது என்பதை இடமே முடிவு செய்வதால், இரண்டுக்கும் ‘ப’ என்ற ஓர் எழுத்து போதும்.

மலாயில் அது போதாது. ‘பாகி’ என்பதன் முதல் ஒலியை அதிர்வில்லாமல் சொன்னால் காலை நேரம். அதிர்வோடு சொன்னால் ‘கொடு’. காண்டனீஸ் தொண்டை அதிர்வைப் பொருட்படுத்துவதில்லை. உதடு பிரியும்போது மூச்சுக்காற்று வேகமாக வெளிப்படுகிறதா என்பதே அங்கே பொருளை மாற்றும். பஞ்சாபி இரண்டையும் கணக்கில் கொள்கிறது. தமிழில் ‘பல்’ என்று மட்டுமே எழுதக்கூடிய மூன்று சொற்கள் அம்மொழியில் கணம், பழம், வலிமை என்று மூன்று பொருள் தரும்.

ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்கமாகவே சொல்கிறது. வாயில் பிறக்கும் ஒலி வேறு, பொருளைப் பிரிக்கும் ஒலியன் வேறு என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் திருபெத்ஸ்கோய். ஒலியனியல் பற்றிய அவருடைய நூல் 1939இல் வெளிவந்தது.

மெய்யும் உயிரும் மட்டுமே பொருளைப் பிரிப்பதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் பிரிக்கும். காண்டனீஸில் ஆறு தொனிகள் உண்டு. ‘ஸி’ என்ற ஓரசையே தொனிக்கேற்பக் கவிதை, வரலாறு, முயற்சி, காலம், சந்தை, விவகாரம் என மாறுகிறது. இந்திய மொழிகளில் பஞ்சாபிக்கும் இந்த இயல்பு உண்டு: ‘கோடா’ போல ஒலிக்கும் ஒரு சொல் தாழ்ந்த தொனியில் குதிரை, உயர்ந்த தொனியில் தொழுநோயாளி, சமநிலையில் சாட்டை.

ஒலியன்களின் எண்ணிக்கையிலும் மொழிகள் மிகவும் வேறுபடுகின்றன. பப்புவா நியூ கினியின் ரொட்டோகாஸ் மொழிக்கு ஏறத்தாழ 11 ஒலியன்களே உண்டு. போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் பேசப்படும் தா மொழி, நாக்கைச் சொடுக்கும் ஒலிகளையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டது. ஆனாலும் இயான் மேடீசன் 1984இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பிட்ட 317 மொழிகளில், தடையொலி (ப், த், க் போல மூச்சை முழுதும் தடுத்து விடும் ஒலி) இல்லாத மொழி ஒன்றுகூட இல்லை.

சொல் கட்டும் முறைகள்

‘தோட்டங்களிலிருந்தும்’ என்ற சொல்லைப் பிரித்தால் தோட்டம், கள், இல், இருந்து, உம் என்று ஐந்து உறுப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது. எல்லா ஒட்டுகளும் அடிச்சொல்லுக்குப் பின்னால்தான் வருகின்றன. இதனால் தமிழை ஒட்டுநிலை மொழி என்பர். காண்டனீஸ் பெரும்பாலும் தனிநிலை மொழி. ‘சாப்பிடு’ என்ற பொருள் தரும் ‘ஸிக்’, சாப்பிடுவது யாராக இருந்தாலும் மாறாது. செயல் முடிந்ததைக் காட்ட அதன் பின்னே ‘ஜோ’ என்ற துணைச்சொல் நிற்கும், அவ்வளவுதான்.

மலாய் முன்னொட்டை விரும்பும் மொழி. ‘பாச்சா’ (வாசி) ‘மெம்பாச்சா’ ஆகிறது. ‘துலிஸ்’ (எழுது) ‘மெனுலிஸ்’ ஆகிறது. ‘ஆஜார்’ (கற்பி) ‘மெங்ஙாஜார்’ ஆகிறது. முன்னொட்டின் மூக்கொலி உயிருக்கு முன் ங் ஆகவும், மெய்யில் தொடங்கும் சொல்லில் அந்த மெய்யின் பிறப்பிடத்துக்கேற்ப ம், ன் என்றும் வருகிறது. தோட்டம் + கள் ‘தோட்டங்கள்’ ஆவதும் இதே காரணத்தால்தான்: அடுத்தடுத்த இரு மெய்கள் ஒரே இடத்தில் பிறப்பது நாவுக்கு எளிது. உறவே இல்லாத இரு மொழிகள் ஒரே புணர்ச்சிக்கு வந்து சேர்வதை இங்கே காணலாம்.

தெமியாரும் செமாயும்

சுங்கை சிப்புட் நகரைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் இருந்தன; அவற்றுக்கு அப்பால் உள்ள மலைகளில் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி, வியட்நாமியம், கெமர், இந்தியாவின் சந்தாலி, முண்டாரி ஆகியவற்றுக்கு உறவானது.

தெமியாரில் ‘கோவ்’ என்றால் கூப்பிடு. தொடர்ந்து கூப்பிடுவதைச் சொல்ல ‘கெவ்கோவ்’ என்பார்கள். முதல் மெய்யான க், கடைசி மெய்யான வ் ஆகிய இரண்டும் நகலெடுக்கப்பட்டு முன்னால் சேர்கின்றன. ‘ஸ்லொக்’ என்றால் படுத்துக்கொள். அதன் தொடர்வினை ‘ஸெக்லொக்’: கடைசி மெய் மட்டும் நகலாகி நடுவில் நுழைகிறது. பிறரைச் செய்யவைப்பதைக் குறிக்க ‘கோவ்’ முன்னொட்டுப் பெற்று ‘தெர்கோவ்’ ஆகிறது. ‘ஸ்லொக்’ நடுவில் ரகரம் ஏற்று ‘ஸெர்லொக்’ ஆகிறது. ஒரே இலக்கணப் பொருளுக்குச் சொல்லின் அமைப்பைப் பொறுத்து இருவகை உருவம்.

தாப்பா, கோப்பெங் வட்டாரச் செமாய் மொழியில் ஓசையையும் தோற்றத்தையும் காட்டும் சொற்கள் ஏராளம். அருவியின் இரைச்சலுக்கும் பருவமழையின் ஓசைக்கும் ‘ச்ருஹாவ்’ என்ற அடியிலிருந்து ‘ச்வ்ச்ருஹாவ்’ என்ற சொல் உண்டு. தமிழின் ‘சலசல’, ‘படபட’ முழு உருவையும் இரட்டிக்கும். செமாய் முதல் மெய்யையும் கடைசி மெய்யையும் மட்டும் எடுத்து, உயிரில்லாமலே முன்னால் வைக்கிறது.

தெமியாரைப் பற்றி ஜெஃப்ரி பெஞ்சமினும், செமாயைப் பற்றி ஜெரார் திஃப்லோத்தும் எழுதிய கட்டுரைகள் 1976இல் ஒரே தொகுப்பில் வெளிவந்தன. ஒட்டு என்பது நிலையான ஒலியுருவம் உடையது என்று நம்பியிருந்த கோட்பாட்டாளர்களுக்கு இந்தத் தரவுகள் சவாலாயின. அடியிலிருந்தே ஒலியைக் கடன்வாங்கும் வெற்று அச்சாகவும் ஒட்டு இருக்கலாம் என்பதை விளக்கப் புதிய கோட்பாடுகள் எழுந்தன. அவற்றில் இவ்விரு மொழிகளும் இன்றும் எடுத்துக்காட்டுகளாகின்றன.

பொதுவிதிகளும் பயனும்

ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை 1963இல் வெளியிட்டார். பின்னொட்டு மட்டுமே உள்ள மொழியில் வேற்றுமையைக் காட்டும் இடச்சொல்லும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பது அவற்றில் ஒன்று. தமிழ் இதற்கு நேர்ச்சான்று. சொல்லின் நடுவே ஒட்டு நுழையும் மொழியில் முன்னொட்டோ பின்னொட்டோ கட்டாயம் இருக்கும் என்பது மற்றொன்று. தெமியாரின் ‘தெர்’ அதை உறுதிசெய்கிறது. இத்தகைய விதி எத்தனை மொழிகளில் சோதிக்கப்படுகிறதோ அத்தனை உறுதி பெறும். சிறு எண்ணிக்கையினர் மட்டுமே பேசும் மொழியின் சாட்சியம் கோடிப்பேர் பேசும் மொழியின் சாட்சியத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

இந்த அறிவு வகுப்பறைக்கும் தேவை. செமாய் இன்று சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மலாய்க்கு உயிரெழுத்து ஐந்து போதும். செமாயில் உயிரொலிகள் அதைவிடப் பல. குறில் நெடில் வேறுபாடும், மூக்கின் வழி ஒலிக்கும் உயிர்களும் உண்டு. எவை பொருளை மாற்றுகின்றன என்று ஒலியனியல் காட்டினால்தான் ஒரு பிள்ளை தன் தாய்மொழியைக் குழப்பமில்லாமல் எழுத ஏற்ற எழுத்துமுறை அமையும்.