கால் நீட்ட இடம் கொடுத்த விமானம் ஏன் நிலைக்கவில்லை?

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டை மலிவுக் கட்டண விமானங்களின் ஆண்டு என்றே சொல்லலாம். அந்த ஒரே ஆண்டில் மூன்று புதிய நிறுவனங்கள் சாங்கியிலிருந்து பறக்கத் தொடங்கின. மே மாதம் வேல்யூஏர், செப்டம்பரில் டைகர் ஏர்வேஸ், டிசம்பரில் ஜெட்ஸ்டார் ஏஷியா. அதற்கு முன்பே பிப்ரவரியில் தாய் ஏர்ஏஷியா பேங்காக்கிலிருந்து இங்கு வரத் தொடங்கிவிட்டது. நாற்பது லட்சம் பேர் வாழும் ஊருக்கு இத்தனை விமான நிறுவனங்களா என்று அப்போதே பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

முதலில் களமிறங்கிய வேல்யூஏருக்குப் பின்னால் பெரிய விமான நிறுவனம் எதுவும் இல்லை. அதைத் தொடங்கிய லிம் சின் பெங் விமானத் தொழிலுக்குப் புதியவரும் அல்லர். 1972ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனி நிறுவனமானபோது அதன் நிர்வாக இயக்குநராக இருந்தவர். தாம் வளர்த்த நிறுவனத்தின் வாசலிலேயே, தனியார் முதலீட்டாளர்களின் பணத்தையும் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏர்பஸ் ஏ320 விமானங்களையும் வைத்துப் புதுக்கடை விரித்தார். கட்டணம் குறைவு, ஆனால் சூடான சாப்பாடு உண்டு. இருக்கை எண் முன்கூட்டியே கிடைக்கும், கால் நீட்டவும் இடம் இருக்கும். நம்மவர்களுக்குப் பிடித்த ஏற்பாடு இது. பயணம் என்றால் பெட்டியும் சாப்பாடும்தானே முதல் கவலை!

அடுத்து வந்த இரண்டு நிறுவனங்களின் கணக்கு வேறு. விமானத்தில் 180 இருக்கைகளை நெருக்கிப் போடு, சாப்பாட்டைக் காசுக்கு விற்றுவிடு, இறங்கிய விமானத்தை அரைமணி நேரத்தில் மறுபடி கிளப்பு. விமானக் குத்தகை, விமானி சம்பளம், எரிபொருள் ஆகிய செலவுகள் பயணிகள் நூறு பேரானாலும் நூற்றெண்பது பேரானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இருக்கை கூடக்கூட ஒருவருக்கான செலவு குறையும். கால் நீட்ட விட்ட இடம், விற்க முடியாமல் போன இடம். வேல்யூஏர் பயணிக்குக் காட்டிய தாராளம் ஒவ்வொரு பயணத்திலும் அதன் கணக்கில் செலவாக விழுந்தது.

போதாததற்கு, போட்டியாளர்களின் பின்பலம் பெரிது. டைகரில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 49 விழுக்காடு, தெமாசெக்குக்கு 11 விழுக்காடு. ஜெட்ஸ்டார் ஏஷியாவில் ஆஸ்திரேலியாவின் குவான்டாசுக்கு 49 விழுக்காடு, அங்கும் தெமாசெக்குக்கு 19 விழுக்காடு. சிங்கப்பூர் ஏர்லைன்சின் பெரும் பங்குதாரரும் தெமாசெக்தான். மூன்று கடைகளிலும் பங்கு வைத்திருந்த முதலீட்டாளர் நாலாவது கடையில் இல்லை! இத்தகைய போட்டியில் கட்டணத்தைக் குறைப்பது எளிது. குறைத்த கட்டணத்தில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதுதான் கடினம். 2004 அக்டோபரில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 50 அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது. தொடங்கிப் பதினைந்து மாதங்கூட முடியாத நிலையில், 2005 ஜூலையில் வேல்யூஏர் ஜெட்ஸ்டார் ஏஷியாவுடன் இணைந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. விமானம் வாங்கிவிட்டால் எங்கும் பறக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. இரு நாடுகளும் பேசி, எந்த நாட்டு நிறுவனம், எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை என்று ஒப்புக்கொண்டால்தான் பறக்க முடியும். அந்நிய நிறுவனங்கள் 49 விழுக்காட்டோடு நின்றுகொள்வதும் இதனால்தான். பெரும் பங்கு உள்ளூர்க் கையில் இல்லாவிட்டால் 'சிங்கப்பூர் விமானம்' என்ற உரிமையே கேள்விக்குறியாகிவிடும். 2005ல் இந்தோனேசியா வெளிநாட்டு மலிவு விமானங்களுக்கு ஜகார்த்தா, சுராபாயா, டென்பசார், மேடான் ஆகிய நான்கு ஊர்களின் கதவைச் சாத்தியது. வேல்யூஏரோ ஏற்கெனவே ஜகார்த்தாவுக்குப் பறந்துகொண்டிருந்தது. அதனால் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு வந்தது. நிறுவனம் கைமாறிய பிறகும் இந்தோனேசியப் பயணங்கள் 2014 வரை வேல்யூஏர் பெயரிலேயே நடந்தன.

இதைவிட வேடிக்கை பக்கத்து ஊர்க் கதை. கோலாலம்பூருக்கு வானில் ஒரு மணி நேரங்கூட ஆகாது. அந்தத் தடத்தைப் பல ஆண்டுகள் சிங்கப்பூர், மலேசிய தேசிய நிறுவனங்களே பெரும்பாலும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. போய்வரப் பல நூறு வெள்ளி. மற்றவர்கள் பஸ் ஏறினார்கள். ஜொகூரின் செனாய் விமான நிலையத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து பேருந்து விட ஏர்ஏஷியா கேட்டபோது இங்கே அனுமதி கிடைக்கவில்லை. 2008 பிப்ரவரியில்தான் மலிவு நிறுவனங்களுக்கு அந்தத் தடம் சற்றுத் திறந்தது, டிசம்பரில் முழுமையாகத் திறந்தது. கட்டணம் சரிந்தது. தொழில்நுட்பம் மாறவில்லை, விமானமும் அதேதான். மாறியது அனுமதி மட்டுமே.

சிராங்கூன் சாலையில் டிக்கெட் விசாரிப்பவர்களுக்கு இந்த மாற்றம் 2007ல் எட்டியது. டைகர் அந்த ஆண்டு சென்னைக்கும் கொச்சிக்கும் பறக்கத் தொடங்கியது, பின்னர் திருச்சிக்கும் போனது. வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஊர் போய்வருவது பலருக்குக் கைக்கெட்டும் செலவானது. ஆனால் டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. புடவை, தங்கை பிள்ளைக்குப் பொம்மை, சாக்லெட் என்று தேக்காவில் வாங்கி நிரப்பிய பெட்டியைத் தராசில் வைத்தபிறகுதான் உண்மையான கட்டணம் தெரியும்.

டைகர் 2017ல் ஸ்கூட்டுடன் இணைந்து பெயரை இழந்தது. மலிவு விமானங்களுக்கென்றே 2006ல் சாங்கியில் திறந்த தனி முனையம் 2012ல் மூடப்பட்டது. வேல்யூஏரை விழுங்கிய ஜெட்ஸ்டார் ஏஷியாவும் 2025 ஜூலை 31ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. விமான நிலையக் கட்டணங்களும் மற்றச் செலவுகளும் ஏறியது, போட்டி கடுமையானது என்று காரணம் சொல்லப்பட்டது. அதன் 13 விமானங்களுக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலை கிடைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட மலிவுக் கட்டண நிறுவனமாக இன்று எஞ்சியிருப்பது ஸ்கூட் மட்டும்தான். அதன் உரிமையாளர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்.